கரட்டுத் தடத்துக்கு யார் கேட் போட்டது?

கோயம்புத்தூருக்கு நான் போனது பம்பு வாங்க. ஈப்போவில் எங்களுக்குத் தண்ணீர் பம்பு விற்கும் கடை இருக்கிறது. வழக்கமாக என் கணவர்தான் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு வருவார். அந்த வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலில் படுத்தபடியே, "நீ போயிட்டு வா. பம்பைப் பத்தி உனக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது" என்றார். முப்பது வருடமாக அவர் வாயிலிருந்து வராத பாராட்டு. மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

ரயிலடியில் ரங்கராஜ் காத்திருந்தார். கணபதிப் பக்கம் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர், என் கணவரின் பழைய சிநேகிதர். அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, கையில் கார்ச் சாவி. "வாங்க, வாங்க. பிரயாணம் எல்லாம் சௌகரியமுங்களா? அவருக்கு முதுகு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அந்த ஊரில் யாரும் 'ங்க' சேர்க்காமல் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. போர்ட்டரும் ரங்கராஜும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே பெட்டிக்காகச் சண்டை போட்டார்கள்.

வீட்டில் அவர் மனைவி சுகுணாவிடம் எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போய், "ஐயோ, பசியோட வந்திருக்கீங்களா, இருங்க இருங்க" என்று உள்ளே ஓடினார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்பதைத்தான் நாங்கள் அப்படிக் கேட்போம் என்று விளக்குவதற்குள் தட்டு வந்துவிட்டது. சந்தகை. இடியப்பத்துக்கு அண்ணன் முறை. அரிசி மாவை வேகவைத்து, பிறகு மரச்சந்தகையில் பிழிகிறார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிச் சாப்பிட வேண்டும். ஈப்போவில் இடியப்பத்தை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து ஹாரன் அடித்து விற்பார்கள்; பழுப்புச் சீனியைத் தூவித் தின்போம். இரண்டில் எது உசத்தி என்று சுகுணா கேட்டார். வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பின்கட்டில் ஒரு கொட்டகை. அதில் மூக்குவரை சேறு பூசிய பழைய ஜீப் நின்றது. பட்டறை முதலாளியின் வீட்டில் எல்லாம் பளபளவென்றிருக்க, இது மட்டும் இப்படி.

"அது எங்க ஞாயித்துக்கிழமைப் பைத்தியமுங்க" என்றார் ரங்கராஜ், கொஞ்சம் வெட்கத்தோடு. "நானும் பல் டாக்டர் செல்வராஜும். ஆளுக்கு ஒரு ஜீப்பு. ரோடு இல்லாத எடமாப் பார்த்து ஓட்டிட்டு வாரது."

"நானும் ஓட்டுவேன்" என்றேன். பழைய ஈயச் சுரங்கத் தடங்களிலும் மர லோரிப் பாதைகளிலும் நானும் என் கணவரும் ஓட்டாத ஞாயிறு கிடையாது. அவர் முதுகுக்கு அதுவே காரணம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரங்கராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை வாங்க. ஆனைமலைக்குப் போற வழியில ஒரு கரடு இருக்குது. சர்க்கார் பொறம்போக்கு. மேல சுனை, கருப்பராயன் கோயில். அருமையான தடமுங்க. அங்க போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

கரடு என்றால் பாறையும் முள்ளுமான குன்று. அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று ரங்கராஜ் பின்னால் கேட்டுக்கொண்டார். படித்துவிட்டுப் புது ஜீப்புக் கோஷ்டிகள் கிளம்பி வந்துவிடுமாம்.

ரங்கராஜுக்கு ஒரே மகள், ஹேமா. இன்ஜினியரிங் முடித்த பெண். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் நாராயணசாமி பஞ்சு வியாபாரி. ஆனைமலைப் பக்கம் புதிதாகத் தென்னந்தோப்பு வாங்கி வீடு கட்டியிருக்கிறாராம். இரண்டு குடும்பமும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். சுகுணா தெலுங்கில் கவலைப்பட்டுவிட்டு எனக்காக அதைத் தமிழில் இன்னொரு முறை கவலைப்படுவார். "சம்பந்தி தங்கமானவருங்க. ஆனா ரோசம் ஜாஸ்தி. பேச்சு முத்திப்போச்சுன்னா எழுந்து போயிருவாரு."

சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் பம்பு பார்த்தேன். அதைப் பற்றி எழுதினால் என் கணவரைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் ரங்கராஜின் ஜீப், பின்னால் பல் டாக்டர் செல்வராஜின் ஜீப். செல்வராஜ் உயரமான, உரத்த குரல் மனிதர். என்னைப் பார்த்ததும் முதலில் பல்லைத்தான் பார்த்தார். கிணத்துக்கடவில் நிறுத்திக் காப்பி குடித்தோம். பித்தளை டபராவில் நுரையோடு வந்த அந்தக் காப்பிக்கு முன்னால் எங்கள் ஈப்போ வெள்ளைக் காப்பியை வைத்தால் ஊர்ப் பாசத்தில்தான் ஜெயிக்க வைக்க முடியும். பொள்ளாச்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை. எங்கள் ஊரில் இப்படிக் கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும். ஆனால் செம்பனைக்கடியில் யாரும் கட்டில் போட்டுப் படுத்துக் கதை பேசமாட்டார்கள்.

ரோட்டை விட்டு இறங்கினோம். கொஞ்ச தூரம் கிளுவை வேலிகளுக்கு நடுவே இட்டேரி. இரண்டு பேருடைய விவசாயக் காட்டுக்கு நடுவே வண்டி போகும் சந்துக்கு அங்கே அந்தப் பெயர். பிறகு கரடு தொடங்கும் இடத்தில் ரங்கராஜ் சட்டென்று பிரேக் அடித்தார்.

தடத்தின் குறுக்கே பள்ளம் வெட்டியிருந்தது. இடுப்பளவு ஆழம். வெட்டிய மண்ணை மேட்டுப்பக்கம் கொட்டி அதன் மேல் வேலமுள்ளைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"பார்த்தீங்களா அநியாயத்தை!" என்று செல்வராஜ் ஜீப்பிலிருந்து குதித்தார். "சர்க்கார் நெலமுங்க இது. எவன் வெட்டுனது?"

வெட்டியவர்கள் ஒளியவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் காட்டு வழியாகப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். முன்னால் தலைப்பாகை கட்டிய ஒருவர். ரங்கராஜ் அவருக்குக் கும்பிடு போட்டு, "ஏனுங்க, எதுக்குங்க தடத்தை மறிச்சிருக்கீங்க?" என்றார்.

அவர் திரும்பிப் பின்னால் நின்ற பெண்ணைக் காட்டினார். "மெம்பரு அவதானுங்க. அவகிட்டப் பேசுங்க. நான் வூட்டுக்காரன்."

பெண்கள் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த புதிது அது. பாவாத்தாள் அந்த வார்டு உறுப்பினர். நாற்பது வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகி, காலில் டயர்ச் செருப்போடு நின்றார்.

"நாந்தானுங்க வெட்டச் சொன்னேன்" என்றார் அமைதியாக.

"சர்க்கார் நெலத்துல குழி வெட்ட உங்களுக்கு என்னங்க அதிகாரம்?" என்றார் செல்வராஜ்.

"அதையேதானுங்க நாங்களும் கேக்கறோம். சர்க்கார் நெலத்துல கேட் போட உங்களுக்கு என்னங்க அதிகாரம்?"

ரங்கராஜும் செல்வராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன கேட்டுங்க?"

"தெரியாத மாதிரிக் கேக்கறீங்களே. மேல சுனைக்குப் போற பாறைச் சந்துல இத்தாப்பெரிய இரும்புக் கேட்டு. பூட்டுப் போட்டாச்சு. எங்க மாடெல்லாம் தண்ணிக்கு எங்கீங்க போகும்? ஊர்க்கெணத்துல எறைச்சு ஊத்தி எங்க கையெல்லாம் காச்சுப்போச்சு. தாலுகாபீசுல மனுக் குடுத்தோம், சர்வேயர் வருவாருன்னாங்க, வரலை. நீங்க மேல மறிச்சீங்க, நாங்க கீழ மறிச்சுப்போட்டோம்."

"அம்மணி, சத்தியமா நாங்க எந்தக் கேட்டும் போடலைங்க" என்றார் ரங்கராஜ்.

கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன், "உங்க பட்டறை லாரிதானுங்க கொண்டாந்துச்சு. கதவுல பேரு எழுதியிருந்துச்சு. இந்த ஜீப்புலயும் அதே பேருதானே" என்று ஜீப்பின் பக்கவாட்டைக் காட்டினான். எழுதித்தான் இருந்தது. ரங்கராஜ் எதிலும் தன் பட்டறைப் பெயரை எழுதாமல் விடுகிறவர் இல்லை.

நான் அயலூர்க்காரி. வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. ஆனால் இரண்டு பக்கமும் இவ்வளவு உறுதியாகப் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது. "மேலே நடந்து போய் அந்தக் கேட்டைப் பார்த்துவிடலாமே" என்றேன்.

பாவாத்தாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒறம்பரைக்கு வந்தவங்களா? எந்த ஊருங்க?" என்றார். விருந்தாளியை அங்கே ஒறம்பரை என்பார்கள்.

"மலேசியா."

"அத்தனை தூரத்துல இருந்து வந்து இந்தக் கரட்டையா பாக்கறீங்க?" என்று சிரித்துவிட்டு முன்னால் நடந்தார்.

வெயில் ஏறிவிட்டது. பாதித் தூரத்தில் அவர் நின்று கீழே காட்டினார். சுனையிலிருந்து வழியும் தண்ணீர் தடத்தைக் கடந்து ஒரு கல் தொட்டிக்குப் போக வேண்டும். கடக்கும் இடத்தில் ஜீப் சக்கரங்கள் முழங்கால் ஆழத்துக்கு உழுதிருந்தன. தண்ணீர் சக்கரத் தடத்திலேயே இறங்கிப் பள்ளத்தில் ஓடியது. தொட்டி காய்ந்து கிடந்தது.

"இது மட்டும் உங்க வேலைதானுங்களே?" என்றார் பாவாத்தாள். "அதனாலதான் மாட்டை மேல சுனைக்கே ஓட்டிட்டுப் போனோம். இப்ப அதுவும் இல்லை."

அந்தச் சேற்றில் ஜீப் உறுமிக்கொண்டு ஏறும்போது கிடைக்கும் குஷி எனக்குத் தெரியும். கீழே ஒரு தொட்டி இருக்கும் என்று நானும் எட்டிப் பார்த்திருக்கமாட்டேன். செல்வராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மேலே இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவில் கேட் நின்றது. அழகான கேட். கறுப்பு வண்ணம், நடுவே உதிக்கும் சூரியன், இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகும் கொடிகள். ஓரங்களில் முள்கம்பி. கேட்டுக்கு அந்தப்புறம் சுனைத் தண்ணீர் மினுங்கியது.

ரங்கராஜ் கிட்டே போய்ச் சூரியனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?" என்றார் செல்வராஜ்.

"நம்ம கேட்டுதான்" என்றார் ரங்கராஜ், சத்தம் வராமல். "சம்பந்தி ஊட்டுக்குச் சீர் மாதிரி நானே டிசைன் போட்டுச் செஞ்சு குடுத்தது. தோப்பு வாசலுக்குன்னு நெனைச்சேன். ரெண்டு வெல்டரையும் கூட அனுப்பினேன், எங்க சொல்றாரோ அங்க மாட்டிக் குடுத்துட்டு வாங்கன்னு."

நாராயணசாமியின் தோப்பு கரட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்குப் போக வேறு ரோடு. சம்பந்தம் புதிது, ரங்கராஜ் ஒரு தடவை மட்டும், மாப்பிள்ளை வீடு பார்க்க, காரில் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கமாக ஏறும் கரட்டின் முதுகுதான் அது என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

பாவாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கேட்டு உங்க சம்பந்தியோடது" என்றார். "நல்லதாப் போச்சு. நாங்க சொன்னா மனு. நீங்க சொன்னா பேச்சு. சொல்லிப்போட்டு வாங்க. கேட்டு எடுத்த அன்னிக்கு நாங்க குழியை மூடறோம்."

அன்று வீட்டில் சுகுணா கொள்ளுப் பருப்பைக் கடைந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். மத்து நின்றுவிட்டது. "நிச்சயம் முடியட்டுமுங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நெதானமாச் சொல்லிக்கலாம்" என்றார்.

ஹேமாதான் மறுத்தாள். "அம்மா, இப்பச் சொன்னா அப்பா ஒரு நியாயத்தைச் சொல்றதா இருக்கும். கல்யாணத்துக்கப்புறம் சொன்னா மருமக ஊட்டுக்காரங்க சண்டைக்கு வந்ததா ஆயிரும். அதையும் நான்தான் அந்த ஊட்டுல கேட்டுட்டு இருக்கணும்."

திங்கட்கிழமை எங்களுக்கு நாராயணசாமியின் தோப்பில் விருந்து. மலேசியாக்காரிக்குத் தோப்பைக் காட்ட வேண்டுமென்று முன்பே கூப்பிட்டிருந்தார். நானும் ரங்கராஜும் சுகுணாவும் காரில் போனோம். வழியில் ரேடியேட்டர் கொதித்துக் கார் நின்றது. பக்கத்துக் காட்டில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றியபடி ரங்கராஜ், "காருக்கே போக மனசில்லீங்க" என்றார்.

நாராயணசாமி நல்ல மனிதர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வெள்ளை வேட்டி, குளிர்ந்த சிரிப்பு. வந்தவுடன் ஆளுக்கு இரண்டு இளநீர். பிறகு இலை. அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நெய், நாட்டுக்கோழிக் குழம்பு, எனக்கென்று சொல்லிச் செய்த ஒப்புட்டு என்னும் பருப்புப் போளி. ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் ரங்கராஜ் பேச வாயைத் திறப்பார். நாராயணசாமி, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்பார். திறந்த வாய்க்குள் சோறு போகும். அன்று அவர் சாப்பிட்டதைப் பார்த்து சுகுணாவே பயந்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் நாராயணசாமியே எழுந்தார். "வாங்க, உங்க கேட்டு எப்படி நிக்குதுன்னு பாருங்க. தோப்பு வாசலுக்குத்தான் கேட்டேன். அப்புறம் யோசிச்சா, வாசல்ல யார் வரப்போறா? தொந்தரவெல்லாம் பின்னால கரட்டு வழியா வருது."

"என்ன தொந்தரவுங்க?" என்று நான் கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறீங்க. ஞாயித்துக்கிழமையானா டவுன்ல இருந்து ஜீப்புக்காரனுக வந்துருவானுக. சத்தம், பொகை. போறப்போ பாட்டிலை வேற எறிஞ்சுட்டுப் போறது. படிச்சவனுகளாத்தான் இருப்பானுக, ஆனா அறிவு வேண்டாமுங்களா? அதான் பாறைச் சந்தை மறிச்சுட்டேன். உங்க கேட்டு வந்ததுல இருந்து நிம்மதியுங்க, சம்பந்தி."

சுகுணா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகைக்கா சிரிப்புக்கா என்று தெரியவில்லை.

ரங்கராஜ் நிமிர்ந்தார். "சம்பந்தி, அந்த ஜீப்புக்காரன் நாந்தானுங்க."

தோப்பில் எங்கோ ஒரு மட்டை விழுந்தது.

"நானும் பல் டாக்டரும். பாட்டில் நாங்க போட்டதில்லை, வேற கோஷ்டி. ஆனா சத்தமும் பொகையும் எங்களுதுதான். எங்க சக்கரம் ஊர்க்காரங்க தொட்டித் தண்ணியைக் கெடுத்துப்போட்டுது. அதை நான் சரி பண்றேனுங்க. ஆனா கரடு சர்க்காருது. சுனையில ஊர் மாடெல்லாம் தண்ணி குடிக்குது. கேட்டை எடுத்துரணுமுங்க."

நாராயணசாமியின் சிரிப்பு போய்விட்டது. "இத்தனை நாளா என்ற தோப்புக்குப் பின்னால சத்தம் போட்டவரு நீங்க. அதை மறிச்சதும் உங்க கேட்டு. இப்ப எடுக்கச் சொல்றதும் நீங்க. அப்ப நான் யாருங்க?" என்றார். பதில் எதிர்பார்க்காமல், "வெயில் தாழ்ந்துச்சு, நீங்க கெளம்பினா நல்லது" என்று எழுந்து உள்ளே போனார். சுகுணா சொன்னது சரிதான்.

திரும்பும்போது கார் மட்டும் கொதிக்காமல் ஒழுங்காக வந்தது. மாலையில் தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து என் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டண மீட்டரில் எண்கள் சிவப்பாக ஓடிக்கொண்டிருக்க, அவர் நிதானமாகக் கேட்டார்: "அது என்ன ஜீப்? நாலு சக்கரமும் இழுக்குமா?"

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சுகுணா போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அது அடித்தால் நிச்சயம் நின்றுபோன செய்தியாக இருக்கும் என்று பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். நான் புடவை வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது எளிது. பஸ் நிற்பதற்குள் எல்லோரும் ஜன்னல் வழியே துண்டு, பை, ஒருவர் குழந்தையின் தொப்பி என்று எறிந்து சீட்டுப் பிடித்தார்கள். நானும் கைக்குட்டையை எறிந்தேன். கூட்டம் என்னைப் படிக்கட்டுக்கு வெளியே தள்ளியது. பஸ் கிளம்பிவிட்டது. என் கைக்குட்டை சௌகரியமாக ஜன்னலோரச் சீட்டில் பொள்ளாச்சிக்குப் போயிற்று.

அடுத்த பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள். "மாப்பிள்ளை எப்படி?" என்று ஒருத்தி கேட்டாள். "நெம்ப நல்ல பையன். கோவம் மட்டும் வரும். ஆனா சோறு ஆறதுக்குள்ள போயிரும்" என்றாள் மற்றவள். நாராயணசாமி வீட்டுச் சோறு ஆறி ஒரு நாள் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ரங்கராஜ் கொட்டகையில் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். சிமெண்ட் மூட்டை, குழாய், மம்மட்டி. "சம்பந்தி என்ன சொன்னாலும் சரியுங்க. தொட்டியைக் கெடுத்தது நான். அதைச் சரி பண்ண அவரோட பதிலுக்கு எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார். சுகுணா வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், நாளைக்குப் பத்துப் பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போக அரிசி ஊறவைத்தார்.

புதன்கிழமை இரண்டு ஜீப்பும் கிளம்பின. செல்வராஜ் கிளினிக்கை மூடிவிட்டு வந்திருந்தார். கேட்டை மாட்டிய வெல்டர்கள் இரண்டு பேரும் கை உதவிக்கு ஏறிக்கொண்டார்கள். பள்ளத்துக்கு இப்புறம் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறினோம். பாவாத்தாளின் ஆட்கள் வேலி ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். செல்வராஜ் மம்மட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் பாவாத்தாளின் கணவருக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க டாக்டரே, அது பல்லுப் புடுங்கற குறடில்லை" என்று வாங்கிக்கொண்டார். ஒருவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். தடம் தண்ணீரைக் கடக்கும் இடத்தில் குழாயைப் பதித்து, மேலே பாறைக்கல் பாவி, சந்துகளில் சிமெண்ட் பூசினோம். நானும் கல் எடுத்துக் கொடுத்தேன். செல்வராஜ் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கினார். "எங்க கோஷ்டி இல்லீங்க" என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் சொன்னார்.

புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாவாத்தாள் என்னிடம் கேட்டார்: "உங்க ஊர்ல இந்த மாதிரி தடத்தை மறிச்சா என்னங்க செய்வீங்க?"

"ஒரு தடவை சுரங்கத்துப் பாதையில் யாரோ சங்கிலி போட்டுவிட்டார்கள். நாங்கள் வேறு பாதை தேடிக்கொண்டோம்."

"அப்ப அந்தப் பக்கம் மாடு மேய்க்கறவங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவர் குற்றமாகக் கேட்கவில்லை. இன்னொரு பிடி சோறு வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் மேலே சங்கிலி கிணுகிணுவென்று கேட்டது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். பாறைச் சந்தில், கேட்டுக்கு அந்தப்புறம், நாராயணசாமி நின்றார். கையில் சாவி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பூட்டைத் திறந்துவிட்டு, எங்களிடம் வராமல் அங்கேயே நின்றார். ரங்கராஜ் கையிலிருந்த சிமெண்டைத் துடைக்கக்கூட மறந்து ஏறிப் போனார். பின்னாலேயே நாங்களும்.

"நேத்துப் பொழுதோட இங்க நடந்து வந்தேன்" என்றார் நாராயணசாமி, ரங்கராஜைப் பார்க்காமல் பாறையைப் பார்த்து. "கேட்டுக்கு அந்தப்பக்கம் மாடுக நின்னுட்டு இருந்துச்சு. எதுவும் கத்தலை. என்னையே பார்த்துட்டு நின்னுச்சு. நான் ஜீப்புக்குத்தானுங்க போட்டேன். மாடு வரும்னு எனக்கு யாரும் சொல்லலை." கொஞ்சம் நிறுத்தி, "நானும் யாரையும் கேக்கலை" என்றார்.

ரங்கராஜ் சிமெண்ட் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தொறந்தாச்சுல்லீங்க, அது போதும். கேட்டு அப்படியே தொறந்து கெடக்கட்டும்."

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார் பாவாத்தாள் பின்னாலிருந்து. "தொறந்து கெடக்கற கேட்டை ஒரு நாளைக்கு எவனாவது மூடுவான். கழட்டிப்போடுங்க."

இரண்டு சம்பந்திகளும் ஒரே சமயத்தில், "சரிங்க" என்றார்கள்.

ரங்கராஜோடு வந்திருந்த வெல்டர்கள் கேட்டைக் கழற்றினார்கள். அது முதலில் நிற்க வேண்டிய தோப்பு வாசலுக்கு, இறக்கத்தில் எட்டுப் பேர் தோளில் போயிற்று. கீழே பாவாத்தாளின் ஆட்கள் பள்ளத்தை மூடினார்கள். ஒப்பந்தம் பேச்சிலேயே முடிந்தது: ஜீப்புகள் வரலாம், மாடு தண்ணிக்கு வரும் நேரத்தில் வரக்கூடாது, பாட்டிலோடு வருகிறவர்களைத் தடுப்பது டாக்டர் பொறுப்பு. செல்வராஜ் இந்தப் பதவியை நாராயணசாமி முன்னிலையில் ஏற்றுக்கொண்டார்.

"கல்லுப் பாவினது தாங்குதான்னு ஒருக்கா ஓட்டிப் பாருங்க" என்றார் பாவாத்தாள். ரங்கராஜ் சாவியை என்னிடம் நீட்டினார். பாவாத்தாள் தயங்காமல் எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சம்பந்திகள் இருவரும் பின்னால். டாக்டரை நடந்து வரச் சொன்னோம். கல் தாங்கியது. ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாவாத்தாள், "அட சாமி!" என்று சிரித்தார். "இதுக்காங்க பைத்தியம் புடிச்சு அலையறீங்க? நல்லாத்தான் இருக்குது."

பாறைச் சந்துக்கு வந்தபோது மேலே போக முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, மாடுகள் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன. சுனையில் வரிசையாகத் தலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. திமில் பெருத்த ஒரு காங்கேயம் காளை மட்டும் குடித்து முடித்துவிட்டு, சந்தின் நடுவில் குறுக்காக வந்து நின்றது. நான் ஹாரனில் கை வைத்தேன். பாவாத்தாள் என் கையை மெல்ல எடுத்துவிட்டார். "இப்பத்தானுங்க பேசி முடிச்சோம். மாட்டு நேரம்."

எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் பின்னால் நாராயணசாமியின் குரல் கேட்டது. "சம்பந்தி, வெள்ளிக்கிழமைக்கு இனிப்பு என்னங்க சொல்லியிருக்கீங்க?"

"மைசூர்பாகுங்க."

"அது பல்லுல ஒட்டுமுங்க. ஜிலேபி சொல்லியிருக்கலாம்."

"ஜிலேபி ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காதுங்க."

"ஆறவிட்டா யாருங்க திங்கறது?"

குரல்கள் ஏறின. பாவாத்தாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறி வந்த டாக்டர், "என்னங்க, மறுபடியும் சண்டையா?" என்று பதறினார். காளை ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாலால் ஈயை ஓட்டியபடி அங்கேயே நின்றது. நகரவில்லை. யாரும் அதை நகரச் சொல்லவுமில்லை.